மெதுவாகச் சுழன்ற இசைத்தட்டு

மார்ச் 3, செவ்வாய்

இன்று நான் சொல்லாமல் விட்டவை: சரி என்பது. வேண்டாம் என்பது. யோசித்துச் சொல்கிறேன் என்பதுகூட.

அலுவலகத்தின் மூன்றாவது மாடிப் படித்திருப்பத்தில் வைத்துக் கேட்டார் லிஃப்ட்காரர். ஒரு கையில் கருவிப்பெட்டி, இன்னொன்றில் எண்ணெய்த் துணி. அந்தத் துணியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கடைசியில் தோளில் போட்டுக்கொண்டார்.

"கம்பெனியில என்னை வேற ஊருக்கு மாத்திட்டாங்க. ஏப்ரல் பத்தாம் தேதி அங்க இருக்கணும். நாம கல்யாணம் பண்ணிக்கலாமா? உடனே இல்ல, உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்ப. ஆனா பதில் மட்டும் நான் கிளம்பறதுக்குள்ள சொன்னா நல்லாயிருக்கும்."

எல்லாம் ஒரே மூச்சில். நான் என்ன சொன்னேன்? "இந்த வாரம் ப்ரூஃப் நிறைய வந்திருக்கு" என்றேன்.

இப்படி ஒரு கேள்விக்கு இப்படி ஒரு பதில். அவரும் "ஆமா, மாசத் தொடக்கமாச்சே" என்று தலையாட்டிவிட்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கிப் போனார். லிஃப்டைப் பழுதுபார்ப்பவர் எப்போதும் படியில்தான் போகிறார்.

மார்ச் 4

பிழை திருத்த வந்த இருமல் மருந்துச் சீட்டில் "உணவுக்குப் பின்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "உணவுக்கு முன்" என்றிருந்ததை மூன்றாம் வாசிப்பில்தான் பிடித்தேன். முதல் இரண்டு வாசிப்பிலும் நான் எங்கே இருந்தேன் என்று எனக்கு மட்டும் தெரியும்.

மார்ச் 5, வியாழன்

வேலை முடிந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் பெட்டியைத் திறந்தேன்.

பெட்டி என்றுதான் சொல்கிறோம், நானும் அக்காவும். மூடிவைத்தால் யாரோ ஊருக்குக் கிளம்புகிற மாதிரி இருக்கும். பழுப்பு உறை, இரண்டு கொக்கி, ஒரு கைப்பிடி. திறந்தால் ரெக்கார்டு பிளேயர். ஒலிபெருக்கி உள்ளேயே முன்பக்கத்தில் இருக்கிறது, ஓர் உள்ளங்கை அளவு. அதிலிருந்து வருவதைப் பெரிய ஒலி என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் சுவரோரம், தரையில், ஜன்னலுக்குக் கீழே வைத்துவிட்டு நானும் தரையில் படுத்துக்கொண்டால், தரை வழியாக முதுகுக்கு வரும். காதுக்கு வருவதற்கு ஒரு நொடி முன்னால் முதுகுக்கு வந்துவிடுகிறது என்று நினைத்துக்கொள்வேன். அறிவியல் ஒத்துக்கொள்ளாது.

ஜனவரியில் லிஃப்ட்காரர் கொடுத்த தட்டைத்தான் போட்டேன். வேறெதையும் இப்போதெல்லாம் போடுவதில்லை. உறை கிடையாது, செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். நடுவிலுள்ள லேபிள் வெறும் வெள்ளை, பென்சிலில் ஓர் எண் மட்டும். எங்களுக்குத் தெரியாத மொழி. அவருக்கும் தெரியாதாம். பழைய வீடொன்றைக் காலி செய்தவர்கள் ஒரு கட்டு ரெக்கார்டுகளை அவர் தலையில் கட்டியிருக்கிறார்கள். அதில் வந்தது.

முள் இறங்கியதும் முதலில் மழை மாதிரி ஒரு கரகரப்பு. பிறகு ஒரு வயலின், ஆனால் தொண்டை கட்டிய வயலின், எழுந்திருக்க மனமில்லாத வயலின். அதன் பின்னால் அந்தக் குரல். ஐம்பது வயது மனிதர் ஒருவர், வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வராமலே பேசுகிற மாதிரி. ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நின்று யோசிக்கிறார். என்னைப் போல. அலுவலகத்தில் எனக்கு "கமா" என்று பெயர் வைத்திருக்கிறார்கள், எதற்கும் ஒரு நிறுத்தம் போட்டுத்தான் பதில் சொல்வேனாம்.

பாட்டின் கடைசியில் இசை நின்றுவிடும். பாடுகிறவர் மட்டும் ஒரு கணம் அழுவார். அழுகையென்றால் விசும்பலில்லை. அடக்கி அடக்கி, நெஞ்சுக்குள்ளேயே மூன்று முறை உருண்டு, நின்றுவிடும். பிறகு முள் கடைசி வட்டத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும். நான் எழுந்து எடுக்க வெகுநேரமாகும்.

மார்ச் 8, ஞாயிறு

அக்காவிடம் சொல்லிவிட்டேன். சொல்லவில்லை, அவளே பிடுங்கினாள். காய்ச்சலில் கிடப்பவர்களிடமிருந்தே விவரம் கறக்கிற நர்ஸ். நான் எம்மாத்திரம்.

"கல்யாணம் பண்ணிக்கலாமான்னு ஒரு மனுஷன் கேட்டிருக்கான். இவ ப்ரூஃப் நிறைய இருக்குன்னு சொல்லியிருக்கா. உன்னை எதுல சேர்க்கறது?"

"பதில் சொல்லமாட்டேன்னா சொன்னேன்."

"நீ சொல்றதுக்குள்ள அவருக்கு ரிட்டயர்மென்ட் வந்துடும். பிடிச்சிருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

பிடித்திருக்கிறது. ஆனால் எதனால் பிடித்திருக்கிறது என்று அவளிடம் சொல்ல முடியவில்லை. இங்கே எழுதலாம்.

அந்தத் தட்டைக் கொடுத்த இரண்டு வாரம் கழித்து, "கேட்டீங்களா?" என்றார். கேட்டேன் என்றேன். "அந்தக் கடைசி இடம்?" என்றார். அந்த இடம்தான் என்றேன். "அது வரும்போதெல்லாம் எனக்கு உங்க ஞாபகம்தான் வரும்" என்றார்.

அம்மா போய் மூன்று வருடம். அன்றைக்கு நான் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டேன், தண்ணீர் கொடுத்தேன். "சின்னவ கல்லு மாதிரி நிக்கறா" என்று யாரோ பின்னால் சொன்னது காதில் விழுந்தது. அதன் பிறகும் யார் முன்னாலும் இல்லை. அடக்கி அடக்கி, நெஞ்சுக்குள்ளேயே. அதை இவர் எப்படிப் பார்த்தார்? மாதம் இரண்டு செவ்வாய், எண்ணெய்க் கையோடு வந்து போகிறவர்?

என்னை ஒருவர் வாசித்துவிட்டார். அதுதான் காரணம்.

மார்ச் 9

மழை வருகிற மாதிரி இருந்து, வரவில்லை. இரண்டு முறை கேட்டேன்.

மார்ச் 12, வியாழன்

எங்கள் பழக்கம் முழுக்கப் பண்டமாற்றுதான். அவர் ஒரு ரெக்கார்டு தருவார், நான் ஒரு புத்தகம் தருவேன். நேரில் பேசியதையெல்லாம் சேர்த்தால் மூன்று மணி நேரம்கூடத் தேறாது. மீதியை நான்தான் இந்த ஜன்னலடியில் படுத்துக்கொண்டு பேசியிருக்கிறேன், இரண்டு பேருக்கும் சேர்த்து.

இன்று வெயில் சாய்ந்து பெட்டியிலிருந்த தட்டின்மேல் விழுந்தது. தட்டு சுழலும்போது வெளிச்சம் மட்டும் சுழலாமல் ஒரே இடத்தில் நிற்கிறது. இத்தனை நாள் இதைக் கவனிக்கவில்லை. அந்தக் குரலுக்கு ஒரு வீடு கட்டினேன் மனதில். உயரமான ஜன்னல்கள், யாரும் அவசரப்படாத அறைகள், பாதி வாசித்துக் கவிழ்த்து வைத்த புத்தகங்கள். அந்த வீட்டில் லிஃப்ட்காரரையும் உட்காரவைத்தேன். நன்றாகப் பொருந்தினார்.

மார்ச் 17, செவ்வாய்

அவருடைய முறை. காலையிலிருந்து லிஃப்ட் கூண்டுக்குள்ளிருந்து சீட்டிச் சத்தம் வந்துகொண்டிருந்தது. துள்ளலான மெட்டு, சின்னப் பிள்ளைகள் குதிக்கிற மாதிரி. எங்கேயோ கேட்டது போலவும் இருந்தது. ப்ரூஃபில் இருந்ததால் மேலே யோசிக்கவில்லை.

போகும்போது எங்கள் அறை வாசலில் நின்றார். போன முறை நான் கொடுத்த நாவலை நீட்டினார். நான் ஒரு மாதம் வைத்து வைத்து வாசித்தது.

"பஸ்ல போகும்போதே முடிச்சிட்டேன். நல்லாயிருந்துச்சு."

ஒரே பஸ் பயணத்தில். சரி, சிலர் அப்படி.

பதிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்தான், "ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாங்க, அக்காவும் இருப்பா, அந்த ரெக்கார்டைச் சேர்ந்து கேட்கலாம்" என்றேன். முழு வாக்கியம். நிறுத்தமில்லாமல்.

முடிவு செய்துவிட்டேன். பாட்டு முடியும், அந்தக் கடைசி இடம் வரும், அது அடங்கியதும் சரி என்று சொல்லிவிடுவேன்.

மார்ச் 22, ஞாயிறு

எழுத வேண்டாம் என்றிருந்தேன். எழுதாமலும் இருக்க முடியவில்லை.

நாலு மணிக்கு வந்தார். சட்டை தேய்த்திருந்தது. அக்கா தேநீர் கொடுத்து, வேலை, மாற்றல், அங்கே வாடகை வீடு எல்லாம் கேட்டாள். அவர் எல்லாவற்றுக்கும் கேள்வி முடிவதற்குள் பதில் சொன்னார். நான் பெட்டியைத் திறந்து தட்டை வைத்து முள்ளை இறக்கினேன்.

நாலு வரி போயிருக்கும். அவர் முகம் சுளித்தது. பிளேயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பெல்ட் தளர்ந்திருக்கு போல."

"இல்லையே. எப்பவும் இப்படித்தான் ஓடும்."

"எப்பவுமா?"

எழுந்து வந்து குனிந்தார். பக்கத்திலிருக்கிற சின்ன விசையைப் பார்த்தார். முப்பத்துமூன்று, நாற்பத்தைந்து, எழுபத்தெட்டு என்று, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதற்கு மூன்று எண்கள் அதில் உண்டு. பெட்டியை விற்றவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: பெரிய தட்டுக்கு முப்பத்துமூன்று, சின்னதுக்கு நாற்பத்தைந்து. இது பெரிய தட்டு.

"இது சைஸ்தான் பெரிசு. ஓட வேண்டியது நாப்பத்தஞ்சுல. சில கம்பெனி இப்படிப் போடுவாங்க. நான் சொல்லாம விட்டுட்டேன், என் தப்புதான்" என்று சொல்லிக்கொண்டே விசையைத் தள்ளினார்.

அறைக்குள் ஒரு பெண் வந்துவிட்டாள். இருபது வயதிருக்கும். ஓடிக்கொண்டே பாடுகிறாள், மூச்சு வாங்கப் பாடுகிறாள். வயலின் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறது. அன்றைக்குக் கூண்டுக்குள் கேட்ட அதே சீட்டி மெட்டு. அவர் கால் தாளம் போட ஆரம்பித்துவிட்டது. கடைசியில் இசை நின்றது. அவள் சிரித்தாள். ஏதோ தப்பாகப் பாடிவிட்டு, அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல்.

சிரிப்பு. அழுகையில்லை. சிரிப்பு.

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அடிப்பாவி, ரெண்டு மாசமா ஒரு கல்யாணப் பாட்டை எழவு வீட்டுப் பாட்டாக்கி ஓட்டிக்கிட்டு இருந்திருக்கியே."

அவர் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் மோசம். "ரெண்டு மாசமும் இப்படியேவா கேட்டீங்க?" என்று மெதுவாகக் கேட்டார். நான் முள்ளைத் தூக்கிவிட்டேன், மூடியைச் சாத்தினேன், கொக்கியும் போட்டுவிட்டேன். விருந்தாளி முன்னால். என்ன பண்றேன்னு எனக்கே தெரியல.

தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு, "அப்ப முப்பத்தொண்ணாம் தேதி பார்க்கலாம்" என்று கிளம்பிவிட்டார். நான் வாசல் வரைக்கும்கூடப் போகலை.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம்? யார் மேல? ஒரு விசை. சுண்டுவிரல் அளவு இரும்பு. அதுக்காகவா? இல்லை — அவர் என்னைப் பார்க்கவே இல்லை. நான்தான் பார்த்ததா நினைச்சுக்கிட்டேன். அவருக்கு ஞாபகம் வந்தது வேற யாரோ, சிரிக்கிற யாரோ. நான் எங்க சிரிச்சேன்?

மார்ச் 23

பெட்டியைத் திறக்கவில்லை.

மார்ச் 25, புதன்

அலுவலகத்தில் ஒரு வரியை ஏழு முறை வாசித்தேன். வீட்டுக்கு வந்து இன்னொன்றையும் திரும்ப வாசித்துப் பார்க்கிறேன்: அவரை.

படியை இரண்டிரண்டாகத் தாவுகிறார். நாவலை பஸ்ஸில் முடிக்கிறார். கேள்வி முடியுமுன் பதில் சொல்கிறார். எல்லாமே என் கண்முன் நடந்ததுதான். நான்தான் அவரையும் முப்பத்துமூன்றிலேயே ஓட்டிக் கேட்டிருக்கிறேன். என்னிடம் அவர் அதிகம் பேசாததை ஆழம் என்று எடுத்துக்கொண்டேன். பேச வருகிறவருக்கு நான் இடமே விட்டிருக்கமாட்டேன். உயரமான ஜன்னல் வீட்டில் நான் உட்காரவைத்த மனிதருக்கும், தோளில் எண்ணெய்த் துணியோடு நிற்கிறவருக்கும் என்ன உறவு?

எழுத்துப் பிழையைப் பிடிப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

மார்ச் 28, சனி

அக்கா வேலைக்குப் போனபிறகு, பகல் வெளிச்சத்தில், நாற்பத்தைந்தில் வைத்துத் தனியாகக் கேட்டேன். நல்ல பாட்டு. அதை ஒப்புக்கொள்ள இவ்வளவு நாளானது. அந்தப் பெண்ணின் மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை. ஆனால் வாசலில் நின்று பாடியவர் போய்விட்டார். இல்லாத ஒருவரை இழந்திருக்கிறேன். இதற்குத் துக்கம் விசாரிக்க யாரும் வரமாட்டார்கள்.

மாலையில் அக்காவிடம் கேட்டேன், "நான் சிரிப்பேனா?"

"என்ன கேள்வி இது?"

"சொல்லேன்."

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டாள். "புத்தகம் வாசிக்கறப்ப சிரிப்ப. பாத்ரூம்ல தனியா சிரிப்ப. தூக்கத்துல சிரிச்சு என்னை எழுப்பியிருக்க. அம்மா போனப்புறம் கொஞ்ச நாள் இல்ல. அப்புறம் தானா வந்துடுச்சு. ஏன், உனக்குத் தெரியாதா?"

தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

மார்ச் 31, செவ்வாய்

அவருடைய கடைசி முறை. லிஃப்டை நிறுத்தி மூன்றாவது மாடியில் கதவைத் திறந்து வைத்திருந்தார். நானே போனேன்.

"அன்னிக்குக் கொக்கி போட்டுட்டேன். மன்னிச்சுக்குங்க."

"பிளேயருக்குத்தானே போட்டீங்க, பரவாயில்ல."

சொல்லிவிட்டேன். படியில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொன்றாக. அந்தக் கடைசி இடம் எனக்கு அழுகையாகத்தான் கேட்டது. அதைக் கேட்டால் என் ஞாபகம் வருகிறது என்று அவர் சொன்னதும், என்னைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தது. அதற்காகவே அவரைப் பிடித்துப்போனது.

அவர் கையிலிருந்த திருகாணியைக் கருவிப்பெட்டியில் போட்டார். "போன நவம்பர்ல லிஃப்ட் மாட்டிக்கிச்சே, நீங்க உள்ள இருந்தீங்க. நான் வெளியில கதவைத் திறக்கப் போராடிட்டு இருக்கேன். உள்ள இருக்கறவங்க கத்துவாங்க, இல்ல அழுவாங்க. நீங்க சிரிக்கறீங்க. திறந்ததும் கையில இருந்த சீட்டைக் காட்டி, இருமல் மருந்துக்குப் பக்கவிளைவு இருமலாம்னு சொல்லிட்டுப் போயிட்டீங்க. அதான் எனக்கு நீங்க."

நினைவிருக்கிறது. அந்தச் சீட்டு நினைவிருக்கிறது. சிரிப்பு நினைவில்லை.

"மத்தது எனக்குத் தெரியாதே" என்றார். "நீங்க எதுக்கு அழணும்? சொன்னதில்லையே."

"சொல்லலை."

"இப்ப சொல்லுங்க."

அம்மாவைச் சொன்னேன். நாற்காலி போட்டதை, கல்லு மாதிரி நின்றதை. ஐந்தாவது மாடியிலிருந்து யாரோ, "லிஃப்ட் எப்பப்பா வரும்?" என்று கத்தினார்கள். "அஞ்சு நிமிஷம்" என்றார். கால் மணி கழித்து மறுபடியும் கேட்டார்கள். "அஞ்சு நிமிஷம்." எங்கள் கணக்கர் மூன்று மாடி ஏறி வந்து, எங்கள் இருவரையும் தாண்டிப் போனார். ஒன்றும் கேட்கவில்லை, கேட்க மூச்சில்லை. மூன்றாவது "அஞ்சு நிமிஷ"த்தில் நான் அழுதுகொண்டிருந்தேன். அவர் துணியை நீட்டப் பார்த்து, அதிலிருந்த எண்ணெயைப் பார்த்துவிட்டு, தன் சட்டைக் கையை இழுத்துவிட்டு அதைக் கொடுத்தார்.

ஆனால் சரி என்று சொல்ல வரவில்லை. அதையும் சொன்னேன். "நீங்க கிளம்பறதுக்குள்ள முடியாது. இப்பத்தான் உங்களைப் பார்க்கவே ஆரம்பிச்சிருக்கேன்."

அவர் முகம் வாடியது. அவசரமாக மறைக்கப் பார்த்ததும் தெரிந்தது. "சரி. கிளம்பினப்புறம் சொல்லுங்க" என்று எழுந்து, லிஃப்டை ஓடவிட்டார்.

ஏப்ரல் 9, வியாழன்

மாலை ஏழே காலுக்கு அவருடைய பஸ். ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிக்கொண்டு போனேன். ஜன்னல் வழியாக ஏதோ சொன்னார், வண்டிச் சத்தத்தில் கேட்கவில்லை. கேட்டதாகத் தலையாட்டிவிட்டேன். பிறகு நினைத்துக்கொண்டு கையைக் காதருகே வைத்து, கேட்கவில்லை என்று காட்டினேன். அதற்குள் வண்டி திரும்பிவிட்டது.

மே 17, ஞாயிறு

ஞாயிறுதோறும் போனில் கூப்பிடுகிறார். வேகமாகப் பேசுகிறார். முதல் இரண்டு வாரம் பாதி புரியவில்லை. இப்போதெல்லாம் "மறுபடி சொல்லுங்க" என்கிறேன். சளைக்காமல் மறுபடி சொல்கிறார், அதே வேகத்தில். அவருடைய புதுக் கட்டடத்தில் ஒரு லிஃப்ட் ஆறாவது மாடியில் நிற்கவே மறுக்கிறதாம். அதை ஒரு பிடிவாதக்கார மாமியாரைப் போல வர்ணித்தார். நான் சிரித்தேன். சிரிக்கும்போதே அது என் காதில் விழுந்தது. முதல் தடவையாக.

நான் அனுப்பிய புத்தகத்தைப் பாதிதான் வாசித்திருக்கிறாராம். "வேணும்னேதான் மெதுவா போறேன். கஷ்டமாத்தான் இருக்கு."

"உங்க வேகத்துலயே படிங்க" என்றேன். உண்மையாகவே.

ஜூன் 2

மழை. வேலைக்குப் போகுமுன் பழைய வேகத்தில் ஒருமுறை போட்டேன். யாரும் பிழை சொல்லாத நேரம். வாசலில் நின்றவர் வந்தார், பாடினார், போனார். அவரை உள்ளே கூப்பிடத் தோன்றவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

"அங்க மழையா?" என்று கேட்டார்.

"சரி" என்றேன்.

"மழைக்கா?"

"இல்ல. மூணாவது மாடியில கேட்டீங்களே, அதுக்கு."

இத்தனை நாளில் முதல் தடவையாக அவர் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. லைன் போய்விட்டதோ என்று பயந்துவிட்டேன். அடுத்த அறையிலிருந்து அக்கா, "இருக்காரா, விழுந்துட்டாரா, கேளு" என்றாள்.

ஆகஸ்ட் 27, வியாழன்

காலை பதினோரு மணிக்குப் பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணம். சாட்சிக்கு அக்காவும் அவருடைய தம்பியும் எங்கள் கணக்கரும். அவர் மூன்று இடத்திலும் கையெழுத்துப் போட்டு முடித்தபோது நான் முதல் தாளை வாசித்துக்கொண்டிருந்தேன். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "வாசிக்கட்டும் சார்" என்றார் இவர். இரண்டாம் தாளில் என் பிறந்த வருடம் தவறாக இருந்தது. திருத்திக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டேன்.